கரண்டியில் நிற்கும் கஞ்சி

என் மகளுக்கு இது ஏழாவது மாதம். கட்டிக்கொடுத்தது தேவிபட்டினம் பக்கம். சாயங்காலமானால் போன் வந்துவிடும். நேற்று கேட்டாள், "அம்மா, புள்ளைக்கு ஆறு மாசத்துல முதல்ல என்ன குடுக்கணும்?" என்று. என்ன கொடுப்பது என்பதைவிட எவ்வளவு கெட்டியாகக் கொடுப்பது என்பதுதான் பெரிய விஷயம் என்று ஆரம்பித்தேன், பேச்சு ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. ராமநாதபுரம் மாவட்டம் தங்கச்சிமடம் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமத்தில் 22 வருஷம் அங்கன்வாடியில் வேலை பார்த்தவள் நான். அவளிடம் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். பிள்ளைக்குக் காத்திருக்கும் மற்ற வீடுகளுக்கும் உதவும்.

பிள்ளை வயிற்றில் தங்குவதற்கு முன்பே வேலை தொடங்குகிறது. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய் கருத்தரித்த முதல் 28 நாளுக்குள் மூடிவிடும். நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று நமக்குத் தெரியும்போது அந்த வேலை முடிந்தே போயிருக்கும். அதனால் பிள்ளை வேண்டும் என்று நினைக்கும்போதே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமில மாத்திரையைத் தொடங்கிவிட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டாலே தருவார்கள். அப்படியே ரத்தத்தையும் பார்த்துவிடுங்கள். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11-க்குக் குறைந்தால் ரத்தசோகை. கல்யாணத்துக்கு முன்பே ஒன்பது, ஒன்பதரை என்று இருந்த பெண்கள் எங்கள் பக்கம் நிறைய. வயிற்றில் இருக்கும்போது அம்மாவிடம் வாங்கிச் சேர்த்து வைக்கும் இரும்புச்சத்தை வைத்துத்தான் பிள்ளை பிறந்து ஆறு மாதம் வரை ஓட்டும். அம்மாவிடமே இல்லையென்றால் அது எங்கே போகும்?

நாலாவது மாதத்திலிருந்து தினம் ஒன்று என்று 180 நாளைக்கு சிவப்பு நிற இரும்புச்சத்து மாத்திரை தருவார்கள். பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள். குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று பாதியில் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்தவர்களை எனக்குத் தெரியும். மலம் கறுப்பது மாத்திரையால்தான், பயப்பட ஒன்றுமில்லை. குமட்டினால் ராத்திரி சாப்பிட்ட பிறகு போட்டுக்கொண்டு படுத்துவிடுங்கள். டீயோடு மட்டும் வேண்டாம். டீ இரும்பை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். எலுமிச்சைச் சாறோ ஒரு துண்டு நெல்லிக்காயோ கூட இருந்தால் நன்றாகச் சேரும். கால்சியம் மாத்திரையையும் இதையும் ஒரே நேரத்தில் விழுங்காதீர்கள், இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

நிறையச் சாப்பிட்டால் பிள்ளை பெரிதாகி பிரசவம் கஷ்டமாகும் என்று வயிற்றைக் கட்டும் பழக்கம் எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறது. சாதாரண உடல்வாகுள்ள பெண் ஒன்பது மாதத்தில் 10 முதல் 12 கிலோ வரை எடை கூட வேண்டும். வயிற்றைக் கட்டினால் எடை குறைந்த பிள்ளைதான் பிறக்கும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் மீன் சாப்பிடுங்கள். சூடை, காரல், நெத்திலி போலச் சின்ன மீனாக வாங்குங்கள். பெரிய சுறா, மயில்மீன் இதெல்லாம் கர்ப்பத்திலும் பால் கொடுக்கும்போதும் வேண்டாம். சின்ன மீனைத் தின்று தின்று வளரும் பெரிய மீனின் சதையில் பாதரசம் சேர்ந்துகொண்டே போகும். அது பிள்ளையின் மூளைக்குக் கெடுதல்.

சுறாப்புட்டு சாப்பிட்டால் பால் ஊறும் என்று சொல்லும் பாட்டிகளிடம் நான் சண்டைக்குப் போனதில்லை. அதற்குப் பதிலாகக் காரலை மஞ்சளும் மிளகும் பூண்டும் போட்டுச் சொதியாக வைத்துக் கொடுங்கள் என்பேன். பால் ஊறுவது பிள்ளை சப்பச் சப்பத்தான். காரல் சொதி அம்மாவின் உடம்பைத் தேற்றும், அதுவே போதும்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பெயரைப் பதிந்து எண் வாங்கிவிடுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு சேர்த்து மொத்தம் 18,000 ரூபாய். பதிவு தள்ளிப்போனால் அதுவும் தள்ளிப்போகும். வங்கிக் கணக்கு பெண்ணின் பெயரில் இருக்க வேண்டும், ஆதாரில் இருப்பது போலவே பெயர் எழுதியிருக்க வேண்டும்.

அப்புறம், அப்பா ஆகப்போகிறவர். என் மருமகனிடம் மூன்று வேலை சொல்லியிருக்கிறேன். குடிதண்ணீர் சுமப்பது இனி அவர் பொறுப்பு. எங்கள் பக்கம் வீட்டுக் கிணறு உப்பு, குழாயில் காவிரித் தண்ணீர் வரும் நேரம் பார்த்துக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். நிறைமாதத்தில் இடுப்பில் குடம் வைக்கக் கூடாது. இரண்டாவது, பீடி வீட்டு வாசலுக்கு வெளியே என்றுகூட இல்லை, பீடியே வேண்டாம். மூன்றாவது, கடலிலிருந்து வந்ததும் கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் பிள்ளையைத் தொட வேண்டும். சரி மாமி என்றார். குடம் தூக்க ஆரம்பித்துவிட்டார், பீடிதான் இன்னும் பாக்கி.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போட்டுவிட வேண்டும். மஞ்சளாக வரும் சீம்பாலைக் கறந்து கொட்டாதீர்கள். நோயைத் தடுக்கும் சத்து அதில்தான் கூடுதலாக இருக்கிறது. சேனை வைக்கிறேன் என்று, பெரியவர்கள் பிள்ளையின் நாவில் முதன்முதலாகத் தொட்டு வைக்கும் சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால் எதுவும் கூடாது. தேன் ஒரு வயது முடியும் வரை கூடவே கூடாது, அதிலிருக்கும் ஒரு கிருமி பச்சைக் குழந்தையின் உடம்பையே தளர்த்திப் போட்டுவிடும். பெரியவர்கள் மனம் நோகக்கூடாது என்றால் குடும்பத்தில் மூத்தவரிடம் பிள்ளையைக் கொடுத்து காதில் முதல் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் நான்கைந்து வீடுகளில் இப்படித்தான் மாற்றினோம், யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டும்தான். சித்திரை வெயிலில்கூடத் தண்ணீர் வேண்டாம், பாலிலேயே போதுமான தண்ணீர் இருக்கிறது. அடிக்கடி பால் கொடுங்கள்.

விடியற்காலையில் கடல்பாசி எடுக்கவும் மீன் ஏலத்துக்கும் போகிற அம்மாக்களுக்கு இது கஷ்டம் என்று தெரியும். கையால் பாலைப் பீய்ச்சி, கொதிக்க வைத்துக் காய்ந்த எவர்சில்வர் கிண்ணத்தில் மூடி, நிழலில் வைத்துவிட்டுப் போங்கள். நான்கு மணி நேரத்துக்குள் பாட்டி பாலாடையில் புகட்டிவிடட்டும். நம் கடலில் எடுக்கிற சங்கிலேயே புகட்டிய பாட்டிகள் உண்டு. ஆனால் சங்கின் உள்வளைவைச் சுத்தமாகக் கழுவவே முடியாது, எவர்சில்வர் பாலாடைதான் நல்லது. பீடிங் பாட்டில் வேண்டாம்.

ஆறு மாதம் முடிந்தால்

இப்போது நான் முதலில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன்.

என் மூத்தவன் பிறந்தபோது நான் இந்த வேலையில் இல்லை. ஐந்தாம் மாதமே சோற்றுக் கஞ்சியைத் துணியில் வடிகட்டி, தண்ணீர் போலப் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தேன். மடக்மடக்கென்று குடிப்பான். ஒரு நாளைக்கு ஐந்து பாட்டில். வயிறு உப்பியிருக்கும், நன்றாகச் சாப்பிடுகிறான் என்று சந்தோஷப்பட்டேன். பத்தாம் மாதம் எடை போட்டபோது 6 கிலோ 800 கிராம். இருக்க வேண்டியது 9 கிலோ பக்கம். அன்றைக்கு வந்திருந்த நர்சம்மா திட்டவில்லை. என் வீட்டு அடுப்படிக்கே வந்து, நான் வைத்திருந்த கஞ்சியில் கரண்டியை விட்டு எடுத்துச் சாய்த்துக் காட்டினார். எல்லாம் வழிந்து ஓடியது. கரண்டியில் ஒரு பருக்கைகூட நிற்கவில்லை. "இதுல என்ன இருக்குன்னு பாரு தாயி, தண்ணிதான்" என்றார். அன்றைக்கு ராத்திரி முழுக்க அழுதேன்.

விஷயம் இதுதான். 7 கிலோ எடையுள்ள பிள்ளையின் வயிறு ஒரு நேரத்துக்குச் சுமார் 200 மில்லிதான் கொள்ளும், ஒரு டம்ளர். அந்த ஒரு டம்ளர் இடத்தைத் தண்ணீரால் நிரப்பினால் பசி அடங்கும், பிள்ளை வளராது. அதனால் முதல் நாளிலிருந்தே கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் வழுக்கி ஓடாமல் நிற்கிற பதத்தில்தான் கொடுக்க வேண்டும். அம்மியில் அரைத்த தேங்காய்த் துவையல் பதம் என்று நான் சொல்வேன். துப்பும், நாக்கால் தள்ளும். ஆறு மாதம் சப்பியே பழகிய நாக்கு அது, வேண்டாம் என்று சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். அடுத்த நாள் அதே பதத்தில் இன்னும் இரண்டு வாய் கொடுத்துப் பாருங்கள்.

கேழ்வரகுக் கூழ் கெட்டியானால் ஆறியதும் களி போல இறுகிவிடும், பிள்ளையால் விழுங்க முடியாது, அம்மாவும் தண்ணீரை ஊற்றிவிடுவாள். இதற்கு முளைகட்டிய மாவு இருக்கிறது. கேழ்வரகைக் கல் போக அரித்து ராத்திரி முழுக்க ஊறவையுங்கள். காலையில் வடித்து ஈரத்துணியில் மூட்டை கட்டி வைத்தால், நம் வெக்கைக்கு மறுநாளே வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கும். வெண்டைக்காய் விதை அளவு முளை போதும், நீளவிட்டால் கசக்கும். நிழலில் விரித்து ஈரம் போகக் காயவைத்து, கையால் தேய்த்து முளையை ஊதிவிட்டு, வறுக்காமல் அரைத்துத் தனியாக ஒரு சின்ன பாட்டிலில் வையுங்கள்.

கூழ் காய்ச்சும் விதம்: ஒரு டம்ளர் தண்ணீருக்கு மூன்று மேசைக்கரண்டி சாதாரண கேழ்வரகு மாவைக் கரைத்து, கிளறிக்கொண்டே கெட்டியாக வேகவையுங்கள். இறக்கி, விரல் பொறுக்கும் சூடு வந்ததும் முளைமாவில் ஒரு தேக்கரண்டி போட்டுக் கலக்குங்கள். ஐந்து நிமிஷத்தில் உங்கள் கண் முன்னாலேயே இளகும். இறுகிக் கிடந்த கூழ் தோசைமாவு போல ஆகிவிடும், ஒரு சொட்டுத் தண்ணீர் கூட ஊற்றாமல். முளைக்கும்போது தானியத்தில் உண்டாகும் ஒரு நொதி மாவுச்சத்தைச் சின்னதாக உடைத்துவிடுவதால் இப்படி. மறுபடி அடுப்பில் ஏற்றி ஒரு கொதி விட்டு இறக்குங்கள், இல்லையென்றால் பச்சை மாவில் இருக்கும் கிருமி வயிற்றைக் கலக்கும். ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயோ நெய்யோ விட்டுக் கொடுங்கள். இந்த இளகின கூழ் மட்டும் கரண்டியைச் சாய்த்தால் மெதுவாக வழியத்தான் செய்யும். மூன்று கரண்டி மாவும் அதற்குள் இருப்பதால் கவலை இல்லை.

அங்கன்வாடியில் தரும் சத்துமாவையும் இப்படியே கெட்டியாகக் காய்ச்சுங்கள். வெல்லம் அதிலேயே இருக்கிறது, சர்க்கரை சேர்க்காதீர்கள். அதை வாங்கிப்போய் ஆட்டுக்குக் கரைத்து வைக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். மனசு பொறுக்காது. அது உங்கள் பிள்ளைக்கென்று அளந்து கொடுத்தது.

அளவு கேட்பீர்கள். ஆறு முடிந்து எட்டு மாதம் வரை ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளை. இரண்டு மேசைக்கரண்டியில் தொடங்கி அரை டம்ளர் வரை போகலாம். ஒன்பதிலிருந்து பதினொன்று வரை மூன்று நான்கு வேளை, அரையிலிருந்து முக்கால் டம்ளர். ஒரு வயதுக்கு மேல் மூன்று நான்கு வேளையோடு நடுவில் வாழைப்பழம், அவித்த சீனிக்கிழங்கு மாதிரி ஏதாவது. தாய்ப்பால் இரண்டு வயதும் அதற்கு மேலும் தொடரட்டும். ஒரு வயது வரை நாமாக உப்பு, சர்க்கரை இரண்டும் சேர்க்க வேண்டாம். கருப்பட்டி நம் சாயல்குடிப் பக்கத்துப் பெருமை, எனக்கும் பிடிக்கும். ஆனால் அதுவும் இனிப்புதான், ஒரு வயதுக்குப் பிறகு கொஞ்சமாக.

மீன்

"பச்சப் புள்ளைக்கு மீனா? மாந்தம் வந்துரும் ஆத்தா." இதை என் அத்தை என்னிடம் சொன்னார், நான் வீடு வீடாகப் போனபோது எல்லா அத்தைகளும் சொன்னார்கள். வலையோடு பிறந்த வீடுகளில்கூட ஒன்றரை வயது வரை பிள்ளைக்கு மீன் கிடையாது. ஆறு மாதம் முடிந்தால் மீன் கொடுக்கலாம். கொடுக்கவும் வேண்டும். தாய்ப்பாலில் இரும்பு குறைவு, வயிற்றிலிருந்து கொண்டுவந்த சேமிப்பும் அப்போது தீர்ந்திருக்கும். மீனில் இருக்கும் இரும்பு கீரையில் இருப்பதைவிட எளிதாகச் சேரும், கூட இருக்கும் கீரையின் இரும்பையும் சேரவைக்கும். அதனால் மீனும் முருங்கைக்கீரையும் ஒரே கிண்ணத்தில் இருந்தால் நல்லது.

முதல் மீனுக்குக் கிழங்கான் நல்லது. வெள்ளைச் சதை, வாடை குறைவு, முள்ளும் நடுவிலிருந்து சுலபமாகக் கழன்று வரும். கரைக்கு வந்ததும் வாங்குங்கள். கண் தெளிவாக, செவுள் சிவப்பாக இருக்க வேண்டும். செதில் எடுத்து, குடல் நீக்கி, மஞ்சள் தடவி இட்லிப் பானையில் பத்து நிமிஷம் ஆவியில் வேகவையுங்கள். ஆறியதும் முதுகுப்பக்கம் விரலை விட்டுச் சதையைப் பிரியுங்கள். வயிற்றுப்பக்கச் சதையை நீங்கள் சாப்பிட்டுவிடுங்கள், பொடிமுள் அங்கேதான் அதிகம். பிரித்த சதையை எவர்சில்வர் தட்டில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேயுங்கள். முள் இருந்தால் விரலில் குத்தும், தட்டில் உரசும் சத்தமும் கேட்கும். திருப்பிப் போட்டு இன்னொரு முறை. அவசரமாக இருக்கும் நாளில் மீன் கொடுக்காதீர்கள், அன்றைக்கு முட்டை போதும்.

குழைந்த சோறு மூன்று கரண்டி, வெந்த பாசிப்பருப்பு ஒரு கரண்டி, கொழுந்து முருங்கைக்கீரையை வேகவைத்து மசித்தது ஒரு கரண்டி, மீன் ஒரு கரண்டி, மேலே ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய். மிக்சியில் ஓட்டினால் பசை போலாகிவிடும். கையால் மசியுங்கள். எட்டு மாதத்தில் கொஞ்சம் கரகரப்பாக, ஒரு வயதில் நீங்கள் சாப்பிடும் பதத்திலேயே. எந்தப் புதிய சாப்பாட்டையும் காலையில் தொடங்குங்கள், மூன்று நாள் அதை மட்டும் புதிதாகக் கொடுத்துப் பாருங்கள். தடிப்போ முகவீக்கமோ வாந்தியோ வந்தால் பகலிலேயே ஆஸ்பத்திரிக்குப் போக வசதி.

ஊட்டும்போது எதிரில் உட்கார்ந்து முகத்தைப் பார்த்து ஊட்டுங்கள். பிள்ளைக்கென்று தனிக் கிண்ணம் வைத்தால் எவ்வளவு உள்ளே போனது என்று தெரியும். செல்போனைக் காட்டி வாயைத் திறக்க வைக்காதீர்கள். வாயை மூடித் தலையைத் திருப்பினால் போதும் என்று அர்த்தம். மூக்கைப் பிடித்துத் திணித்த பிள்ளைகள் கிண்ணத்தைக் கண்டாலே அழும். நுங்கை முழுசாகக் கையில் கொடுக்காதீர்கள், வழுக்கித் தொண்டையை அடைத்துவிடும். மசித்துக் கொடுங்கள். முழுக் கடலையும் அப்படித்தான், பொடித்துத்தான் கொடுக்க வேண்டும்.

ஒரு வயது தாண்டினால் வருவது வேறு பிரச்சினை. விடிந்ததும் டீயில் தொட்டு பிஸ்கட், பத்து மணிக்கு ஐந்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட். மத்தியானம் பிள்ளை சாப்பிட மாட்டேன் என்கிறது என்று அம்மா அங்கன்வாடிக்கு வந்து புலம்புவாள். ஐந்து ரூபாய்ப் பாக்கெட் இரண்டை நிறுத்தினால் ஒரு முட்டைக்குக் காசு வந்துவிடும். டீ பிள்ளைக்கு வேண்டவே வேண்டாம்.

மாதம் ஒரு முறை எடை போடுங்கள். பிறந்த எடை ஐந்தாறு மாதத்தில் இரண்டு மடங்கு, ஒரு வயதில் மூன்று மடங்கு. ஆறு மாதத்துக்கு மேல் மேல்கையின் சுற்றளவையும் வண்ண நாடாவால் அளக்கச் சொல்லுங்கள். 12.5 சென்டிமீட்டருக்குக் கீழே மஞ்சள், 11.5-க்குக் கீழே சிவப்பு. சிவப்பில் விழுந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. ஒன்பதாம் மாதத் தடுப்பூசியோடு வைட்டமின் ஏ சொட்டும் கொடுப்பார்கள், விடாதீர்கள்.

பேதி ஆனால் சாப்பாட்டை நிறுத்தும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் உப்புச்சர்க்கரைக் கரைசல் பாக்கெட் ஒன்றை முழுசாகக் கொட்டிக் கரையுங்கள். பாதிப் பாக்கெட்டை டம்ளரில் கரைப்பது தப்பு. ஒவ்வொரு முறை போன பிறகும் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். துத்தநாக மாத்திரை 14 நாள், பேதி நின்ற பிறகும். கண் குழிந்து, சிறுநீர் போகாமல், துவண்டு கிடந்தால் காத்திருக்காதீர்கள். தேறிய பிறகு இரண்டு வாரம் தினமும் ஒரு வேளை கூடுதலாகக் கொடுங்கள், இழந்த எடை அப்போதுதான் திரும்பும்.

கடைசியாக, மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது. நாட்டுப்படகு மீன் வரும், ஆனால் விலை ஏறிவிடும், வீட்டில் காசும் இருக்காது. அந்த இரண்டு மாதமும் எங்கள் மையத்துப் பிள்ளைகளின் எடைக்கோடு படுத்துவிடும். அதற்காகத்தான் நெத்திலிப்பொடி. கடைக் கருவாட்டில் உப்பு அதிகம், பிள்ளைக்கு ஆகாது. பச்சை நெத்திலி வாங்கித் தலையும் குடலும் கிள்ளி, நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசி, உப்புப் போடாமல் மணல் படாத உயரத்தில் கட்டிய வலை மேல் விரியுங்கள். மேலே ஒரு துணி வலை, ஈ வராமல் இருக்க. இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காய்ந்த பிறகு ஒடித்தால் படக்கென்று ஒடிய வேண்டும், வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. இரும்புச் சட்டியில் சிவக்க வறுத்து, அரைத்து, இரண்டு முறை சலித்து, ஈரமில்லாத பாட்டிலில் அடையுங்கள். கூழோ சோறோ கொதிக்கும்போதே ஒரு தேக்கரண்டி போட்டு வேகவிடுங்கள். குளிர்பெட்டி இல்லாத வீட்டில் ஒவ்வொரு வாரமும் காய்ந்த நெத்திலியிலிருந்து கொஞ்சம் எடுத்து மறுபடி வெயில் காட்டிப் புதிதாக அரையுங்கள், பூஞ்சை வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். மார்ச் கடைசியில் நெத்திலி மலிவாக வரும் நாள் பார்த்து மூன்று கிலோ வாங்கச் சொல்லி மருமகனிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.